வழிகாட்டுவோரின் வாய்ச்சொல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்விழாவிலே பேசும்படி சங்கத்தார் எம்மை அழைத்தபோது, எதைப்பற்றிப் பேசலாம் என்று வினவினோம். "பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் வேலை தேடும் வாலிபர்க்கும் ஞாயிறுதோறும் நமது நூல்நிலையத்தில் ஆலோசனை கூறி வருகிறோம். அப்பணியில் நீங்களும் பங்குகொள்கிறீர்கள். அதைப்பற்றியே பேசுங்கள்" என்றார்கள். நாமும் இணங்கினோம். ஆனால் அங்கே என்னென்ன ஆலோசனை கூறப்படுகிறது என்பதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. எந்தச் சொற்களால் கூறுகிறோம், எந்தச் சொற்களால் கேட்கிறோம் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறோம். ஆலோசனையைவிட அதுவே பெரிய விஷயம் என்பதை நாம் காலந்தாழ்த்தியே அறிந்துகொண்டோம். அறிந்துகொண்ட விதம் எமக்குப் பெருமை தருவதன்று. அதையும் மறைக்காமல் சொல்லுவோம்.

இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் என்று வாய்ச்சொல்லுக்கு மட்டும் வள்ளுவர் எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். சொல்லுகிறவனை அது எப்படி உயர்த்தும், எப்படித் தாழ்த்தும் என்பதை நாம் சிறு வயது முதலே கேட்டிருக்கிறோம். கேட்கிறவனுடைய மனத்துக்குள்ளே அது என்ன செய்கிறது என்பதையே இன்று சிறிது ஆராய்வோம்.

கோச்சியும் கோச்சிங்கும்

இக்காலத்தில் 'கோச்சிங்' என்று ஒரு தொழில் உலகெங்கும் பரவியிருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் தொடங்கி, இன்று கம்பெனி மனேஜர், ஆஸ்பத்திரித் தாதி, பாடசாலை அதிபர் என்று எல்லோருக்கும் கோச் வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்திருக்கிறது. இச்சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. ஹங்கேரி நாட்டிலே கோச் என்று ஒரு கிராமம் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்வூரில் செய்யப்பட்ட குதிரை வண்டிகள் ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றன. ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயராயிற்று. 1830களில் ஆங்கிலப் பல்கலைக்கழக மாணவர்கள், தம்மைப் பரீட்சை என்னும் மேட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசிரியரைக் கேலியாகக் கோச் என்று அழைத்தார்கள். கேலிப் பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டிலோ அந்தச் சொற்குடும்பம் வேறு தண்டவாளத்தில் ஏறிக் கோச்சி ஆயிற்று. 1924ஆம் ஆண்டு பதுளை வரை ரயில் வந்த காலந்தொட்டு நம் பாட்டன்மார் கோச்சி என்றால் அறிவார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோச்சியிலே ஏறுகிறவன், எங்கே போகவேண்டும் என்பதைத் தானே சொல்லி டிக்கட் வாங்குகிறான். கோச்சி அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நல்ல கோச்சிங்கும் அப்படித்தான். போகும் ஊரைச் சொல்ல வேண்டியவன் பிரயாணி. ஆனால் நம் தோட்டங்களின் வரலாற்றிலே, போகும் ஊரை நம் முன்னோர் சொன்னதுண்டா? கங்காணி சொன்னான், ஏஜண்ட் சொன்னான், துரை சொன்னார், அரசாங்கம் சொல்லிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையிலே ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்குபோட்டார்கள். ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டா இந்தத் தொகைகளை எழுதினார்கள்? கேட்கப்படாமலே தலைமுறைகள் கழிந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு நாம் வழிகாட்ட உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

'இங்கே வா'

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார்கள். சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கும் வாலிபத் துரைமார் தமிழ் பேசப் பழகவேண்டுமே, அதற்காகச் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளத்தக்க கையேடு அது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா! அல்லது சின்னத்துரையின் கையடக்கத் தமிழ் வழிகாட்டி' என்பது. பிறகு 1915ஆம் ஆண்டிலே வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் இன்னொரு பாடநூல் வெளியிட்டார்.

இவ்விரு தலைப்புகளையும் சற்று நிதானித்து நோக்குங்கள். சங்கத்தமிழ் கேட்டிருக்கிறோம், செந்தமிழ் கேட்டிருக்கிறோம், கூலித் தமிழ் என்று ஒரு தமிழ் தோட்டத்திலே பிறந்தது. கூலி என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. ஆயினும் நம் செவிக்குக் கூலி என்றால் செய்த வேலைக்குரிய ஊதியம். வேலை செய்தவன் கூலியாள். அந்தச் சொல்லிலிருந்து ஆளை நீக்கிவிட்டு ஊதியத்தையே மனிதனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஆளைக் காணாத சொல்லைக் கொண்டு பேசுகிறவனுக்கு ஆள் எப்படிக் கண்ணில் படுவான்?

மற்றத் தலைப்பு ஏவல் வினை. வா, போ, வெட்டு, தூக்கு, எடு என்பனவற்றை இலக்கணத்தார் ஏவல் என்பர். ஏவலுக்குத் தமிழிலே இடமுண்டு. தீப்பிடித்த வீட்டின் முன்னே நின்று, "தாங்கள் வெளியே வரலாமா?" என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் ஏவலுக்கு ஒரு குணம் உண்டு. ஏவப்படுகிறவனுக்குச் சிந்திக்கும் வேலை இல்லை. அந்த வேலையை ஏவுகிறவன் ஏற்கனவே செய்து முடித்துவிட்டான். ஆதலின் பதிலும் ஒன்றே ஒன்றுதான்: "சரிங்க தொரை." விடியுமுன் தப்புச் சத்தத்தில் எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று, மலையைக் கேட்டுக்கொண்டு போய், மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் வரைக்கும் அந்த ஒரே பதிலில் ஒரு மனிதனின் நாள் முடிந்துவிடும்.

நாள் முடிவில் அவனுக்குக் கிடைப்பதற்கும் ஒரு சொல் உண்டு. ஒருநாட் சம்பளம் பதிவதைப் பேர் போடுதல் என்கிறோம். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அறுபது வயதுத் தாய் ஒருத்தி, "இன்னைக்கு எனக்கு அரைப் பேருதான்" என்று சொல்லும்போது, அரைநாட் சம்பளம் என்பதே அவள் கருத்து. ஆனால் பேர் என்றால் ஆள், பேர் என்றால் மானம். அரை ஆள் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு அடுப்பு மூட்டுகிறாளே, அதைக் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளை தன்னை என்னவென்று நினைக்கும்?

துரைமார் காலத்து ஏவல் துரைமாரோடு போய்விடவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 'இங்கே வா' மட்டும் கை மாறி வாய் மாறி நம்மிடமே வந்து சேர்ந்துவிட்டது. கங்காணியிடமிருந்து தகப்பனுக்கு, தகப்பனிடமிருந்து வாத்தியாருக்கு, வாத்தியாரிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்திருக்கும் எமக்கு.

எமது தவறு

இனி எமது கதையைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பையன் எம்மிடம் வந்தான். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள் கையிலே. ஏனைய பாடங்கள் மோசமில்லை. கணிதத்தில் சித்தி இல்லை. நாம் தாளைப் பார்த்தோம், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி கணக்கிலே கோட்டை விட்டாய்?" என்று கேட்டோம்.

"கணக்கு எனக்கு வராது சேர்" என்றான்.

"அப்படியானால் என்ன செய்யப்போகிறாய்?"

"கொழும்புக்குக் கடைக்குப் போறேன் சேர். மாமா கூப்பிட்டிருக்காரு."

"சரி, போய்க் கவனமாக இரு" என்றோம். இரண்டு நிமிஷத்திலே ஆலோசனை முடிந்தது. அடுத்த பிள்ளையை அழைத்தோம். எந்தச் சொல்லால் அழைத்தோம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷங்களின் பின் தீபாவளிக்கு முதல்நாள் பதுளை பஸ் நிலையத்தில் அதே பையனைக் கண்டோம். கையிலே துணிப் பொதிகள். முகத்திலே ஒரு தெளிவு. கடையில் என்ன வேலை என்று விசாரித்தோம். "சாமான் இறக்குற கணக்கு, கடன் கணக்கு, அன்னாடம் கல்லாக் கணக்கு எல்லாம் நான்தான் சேர் பாக்குறேன். முதலாளி என்னைய நம்பி விட்டுட்டாரு" என்றான். எமக்குத் திகைப்பாயிருந்தது. "உனக்குக் கணக்கு வராது என்றாயே?" என்றோம். அவன் சிரித்தான். "அது கணக்கு இல்லீங்களே சேர், இது கடைக் கணக்கு" என்றான்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நூற்றுக்கு இத்தனை வீதம் கழிவு, தவணைக்கு இத்தனை மீதி என்று மனத்தாலேயே கூட்டிக் கழிக்கிற பையன் கணக்கு வராதவனா? கணக்கு என்ற சொல் அவன் மனத்திலே ஒரு பூட்டிய அறையாக இருந்தது. நாம் அந்தப் பூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'கோட்டை விட்டாய்' என்ற எமது சொல்லால் இன்னொரு பூட்டும் போட்டு அனுப்பிவிட்டோம்.

பிற்பாடு அவனுடைய தங்கை அதே மேசைக்கு வந்தாள். அப்போது பத்தாம் வகுப்பு. அவளும் அதே வாக்கியத்தைச் சொன்னாள்: "கணக்கு வராது சேர்." இம்முறை நாம் ஏன் என்று கேட்கவில்லை. "எதுவரைக்கும் வருகிறது பிள்ளை?" என்று கேட்டோம். அவள் விழித்தாள். இப்படி எவரும் அவளைக் கேட்டதில்லை. தேத்தண்ணீர் ஆறுகிற நேரம் பேசாமல் இருந்தாள். நாமும் பேசாமல் இருந்தோம். பிறகு மெல்லச் சொன்னாள்: "கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் எல்லாம் வரும். பின்னம் கொஞ்சம் வரும். அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது." "பின்னம் எந்த வகுப்பில் நின்றது?" என்றோம். ஏழாம் வகுப்பில் என்றாள். "அந்த வருஷம் என்ன நடந்தது?" என்றோம். "அந்த வருஷம் ரெண்டு தவணை எங்களுக்குக் கணக்கு வாத்தியாரே வரல சேர்" என்றாள்.

நண்பர்களே, கணக்கு வராமல் போனது எங்கே என்று பார்த்தீர்களா? வராதது கணக்கன்று, கணக்கு வாத்தியார். வாத்தியார் வராத குறையைப் பிள்ளை தன் மூளையின் குறையாக எண்ணி மூன்று வருஷம் சுமந்திருக்கிறாள். அவள் அண்ணனும் அதையே சுமந்துகொண்டுதான் கொழும்புக்குப் போயிருக்கவேண்டும். ஒரு வினாச்சொல் மாறியதும் சுமை இருக்கவேண்டிய இடத்துக்கு மாறியது. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஞாயிறுதோறும் அவளுக்குப் பின்னத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுத்தார். அவள் பரீட்சை எழுதிவிட்டாள். பெறுபேறு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும், 'எனக்குக் கணக்கு வராது' என்று அவள் இனிச் சொல்லமாட்டாள்.

ஆராய்ச்சி கூறுவது

இது எமது அனுபவம் மட்டுமன்று. கேட்கும் சொல் கேட்கப்படுபவனின் நினைவையே மாற்றும் என்பதை 1974ஆம் ஆண்டில் எலிசபெத் லொப்டஸ், ஜோன் பாமர் என்ற அமெரிக்க உளநூலார் இருவர் சோதித்துக் காட்டினர். மோட்டார் விபத்துப் படமொன்றை 150 மாணவர்க்குக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம், "வண்டிகள் நொறுங்க மோதியபோது என்ன வேகத்தில் வந்தன?" என்று கேட்டார்கள். வேறு ஐம்பது பேரிடம், "வண்டிகள் இடித்தபோது என்ன வேகத்தில் வந்தன?" என்று கேட்டார்கள். மிகுந்த ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், "உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?" என்று வினவினார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆயினும் 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் கண்டோம் என்றார்கள். 'இடித்த' என்று கேட்டவர்களில் 7 பேர், ஒன்றும் கேட்கப்படாதவர்களில் 6 பேர் அவ்வாறு சொன்னார்கள். ஒரே படம், ஒரே கண்கள். நடுவே புகுந்தது ஒரு சொல்.

'கோட்டை விட்டாய்' என்று நாம் கேட்டபோது, அந்தப் பையனும் இல்லாத கண்ணாடித் துண்டுகளைத் தன்னுள்ளே கண்டிருப்பான் அல்லவா?

புகழும் இதற்கு விலக்கன்று. 1998இல் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு பெண்மணிகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளை வெளியிட்டனர். ஒரு சாராரை, "நீ புத்திசாலி" என்று புகழ்ந்தார்கள். இன்னொரு சாராரை, "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்று புகழ்ந்தார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களே அதிகம் தளர்ந்தார்கள். அதன்பின் பழையபடி இலேசான புதிர்களைக் கொடுத்தும் அவர்கள் முன்போலச் செய்யவில்லை. முயற்சிக்காகப் புகழப்பட்டவர்களோ முன்னிலும் நன்றாகச் செய்தார்கள். புத்திசாலி என்பது பட்டம், பட்டம் போய்விடுமோ என்று பயம் உண்டாகும். முயற்சி என்பது செயல், நாளைக்கும் செய்யலாம். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்குத் தோட்டத்தில் மாலை போட்டு வாழ்த்தும்போது இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் மொழியிலேயே சில குறிப்புகள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கோச்சிங் நூல்களில் ஆங்கிலச் சொற்களுக்குரிய எச்சரிக்கைகள் உண்டு. நாம் பேசுவது தமிழ். ஆகவே தமிழிலே கவனிக்கவேண்டிய நான்கைக் கூறுகிறோம்.

முதலாவது, 'ஏன்' என்ற சொல். பள்ளிக்கூடத்துக்கு ஏன் பிந்தினாய், ஏன் பெயிலானாய், ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டால் அது வினாவைப்போல வந்து குற்றச்சாட்டாக நிற்கிறது. கேட்கப்படுகிறவன் காரணத்தைத் தேடுவதில்லை, தப்புவதற்கு வழியைத் தேடுகிறான். கோச்சிங் கலையைப் பரப்பியவர்களில் ஒருவரான ஜோன் விட்மோர் என்ற ஆங்கிலேயர், 1992இல் வெளியிட்ட தமது நூலிலே டென்னிஸ் ஆட்டத்தை உதாரணம் காட்டுகிறார். பந்தைப் பார் என்று ஏவினால் ஆட்டக்காரன் சிறிது நேரம் பார்ப்பான். பார்க்கிறாயா என்று கேட்டால் ஆம் என்று பொய் சொல்வான். ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டால் சினப்பான். பந்து எந்தப் பக்கமாகச் சுழன்று வருகிறது என்று கேட்டாலோ, பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. எது, எங்கே, எப்போது, எதுவரை, எப்படி என்பவை பார்க்க வைக்கும் சொற்கள்.

இரண்டாவது, 'வராது' என்ற சொல். பாட்டு வராது, இங்கிலிஷ் வராது, சிங்களம் வராது என்று சொல்லும்போது, அவை ஏதோ கோபித்துக்கொண்ட விருந்தாளிகள் போலவும், நாம் வாசலில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் போலவும் ஆகிவிடுகிறது. இந்த வழக்கைத் தமிழிலிருந்து நீக்க முடியாது, நீக்கவும் வேண்டாம். ஆனால் பிள்ளை அச்சொல்லைச் சொன்னால் அங்கேயே விட்டுவிடாமல், எதுவரை வருகிறது, எப்போது வராமல் நின்றது என்று கூடவே நடந்து போய்ப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, 'வேண்டும்' என்ற சொல். இதற்குத் தமிழிலே இரண்டு முகம் உண்டு. "நீ நர்சாக வரவேண்டும்" என்றால் அது கட்டளை. "உனக்கு என்ன வேண்டும்?" என்றால் அது விருப்பத்தைக் கேட்பது. முதல் வாக்கியத்தில் இருப்பது பெரியவருடைய வேண்டுதல், இரண்டாவதில் பிள்ளையுடையது. நம் வீடுகளில் முதல் வாக்கியத்தை நூறு தடவை சொல்கிறோம். இரண்டாவதைத் துணிக்கடையிலே மட்டும் கேட்கிறோம்.

நான்காவது, 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும். பல மொழிகளில் இல்லாத ஒரு வசதியைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது. நாங்கள் என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். நாம் என்றால் கேட்கிறவனும் உள்ளே இருக்கிறான். "நாங்கள் உனக்கு ஒரு வழி சொல்லுகிறோம்" என்பதும், "நாம் இருந்து ஒரு வழி பார்ப்போம்" என்பதும் ஒன்றல்ல. ஆனால் இதிலே போலியும் உண்டு. முடிவையெல்லாம் தாமே செய்துவிட்டு, "நாம் இப்படிச் செய்வோமே" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடைமீது நின்று ஓயாமல் 'நாம்' என்று பேசிக்கொண்டிருக்கும் எமக்கும் இது எச்சரிக்கையே.

மரியாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் பிள்ளையை வாடா, போடா என்பதிலே உள்ள உரிமை வேறு. முன்பின் அறியாத பதினேழு வயதுப் பிள்ளையை மேசைக்கு அழைக்கும்போது, "வாங்க தம்பி, இப்படி இருங்க" என்றால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவனுக்கோ அது வாழ்க்கையில் முதல் நாற்காலியாக இருக்கலாம்.

சொல் மட்டும் போதுமா?

இங்கே ஒரு வாலிப நண்பர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, இனிமையாகப் பேசினால் சம்பளம் ஏறுமா? லயத்துக் கூரை ஒழுகாமல் நிற்குமா?" நியாயமான கேள்வி. சொல்லை மாற்றிவிட்டு நிலையை மாற்றாமல் விடுவது ஏமாற்று. லயத்துக்கு அழகான வேறு பெயர் வைத்தால் மழை உள்ளே வராமல் இருக்குமா? அந்தப் பிள்ளைக்கும் எமது கேள்வி மாத்திரம் பின்னத்தைக் கற்பித்துவிடவில்லை. ஞாயிறுதோறும் ஒருவர் வந்து கற்பிக்கவேண்டியிருந்தது. வாத்தியார் இல்லாத குறையை உரிய இடத்தில் எழுதிக் கேட்கவும் வேண்டியிருந்தது.

ஆனால் சொல் மாறாமல் நிலை மாறியதும் இல்லை. 1940ஆம் ஆண்டிலே நம் பதுளைக்கு அருகேயுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சமசமாஜக் கட்சியார் நடத்திய தொழிற்சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபை ஒன்றைக் கலந்தாலோசித்து நடப்பதாகத் தோட்டத்துரை இணங்கவேண்டி வந்தது. கலந்தாலோசித்து! 'இங்கே வா' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருந்த தோட்டத்திலே அப்படியொரு சொல் நுழைவதற்கு எத்தனை பேர் பட்டினி கிடந்திருப்பார்கள்! நீர் என்ன நினைக்கிறீர் என்று தம்மைக் கேட்கவேண்டும் என்பதும் அவர்கள் போராடிய விஷயங்களில் ஒன்று. அவ்வளவு அரும்பாடுபட்டு ஒரு தலைமுறை வாங்கிய உரிமையை, நம் சொந்தப் பிள்ளைகளுக்கு நம் சொந்த மேசையிலே மறுப்பது நியாயமா?

2023ஆம் ஆண்டிலே, நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். அந்நடைபயணத்துக்கு அவர்கள் தெரிந்தெடுத்த பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்'. கூலித் தமிழ் என்று புத்தகத்தில் எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தமக்குத் தாமே சூட்டிய சொல் அது. பிறர் இட்ட பெயரிலிருந்து தாம் இட்ட பெயருக்கு வந்து சேர்வதற்கு இருநூறு ஆண்டு ஆயிற்று.

வழித்துணை

முடிவாக ஒரு வேண்டுகோள். ஆலோசனை கூறுகிறவரை நாம் வழிகாட்டி என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் சின்னத்துரையின் சட்டைப்பைப் புத்தகமும் வழிகாட்டிதான். வழிகாட்டி என்றால் வழி எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. உண்மையிலே இக்காலத்துப் பிள்ளைகள் போகப்போகும் வழிகள் நமக்கே புதியவை. கணினித் துறையும் கப்பல் வேலையும் வெளிநாட்டுத் தாதிப் பயிற்சியும் நாம் நடந்து பார்த்த பாதைகள் அல்ல. ஆகவே வழித்துணை என்ற பழந்தமிழ்ச் சொல்லை நாம் எடுத்துக்கொண்டால் என்ன? இருட்டில் தனியே போகிறவனோடு கூட நடக்கிறவன் வழித்துணை. போகும் ஊரைச் சொல்ல வேண்டியவன் அவனே. பள்ளம் வந்தால் எச்சரிப்பதும், அஞ்சினால் பேச்சுக் கொடுப்பதும் துணைக்கு வந்தவன் கடமை.

அடுத்த ஞாயிறு அந்த மேசையில் உட்காரப்போகும் அங்கத்தவர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. பெறுபேற்றுத் தாளைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எங்கே போக விரும்புகிறாய், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழிகள் தெரிகின்றன, முதலில் எதைச் செய்வாய் என்று வரிசையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படாத வாய் உடனே பேசாது. அந்த மௌனத்தை உங்கள் ஆலோசனையால் நிரப்பிவிடாதீர்கள். அது யோசிக்கிற மௌனமாக இருக்கலாம்.

வாலிப நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றில் எது உங்களுடையது, எது வேறு எவரோ சொல்லிவிட்டுப் போனது என்று பிரித்துப் பாருங்கள். கொழும்புக் கடையிலே கல்லாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தம்பிக்கும் நாம் இன்னும் ஒரு கேள்வி கடன்பட்டிருக்கிறோம். அடுத்த தீபாவளிக்கு அவன் ஊருக்கு வரும்போது, பஸ் நிலையத்திலேயே நிறுத்தி அதைக் கேட்க எண்ணியிருக்கிறோம்: "தம்பி, உங்களுக்கு என்ன வேண்டும்?"